படகு மட்டும் தனியா

அட, அந்த வலைய உடு சார். வர்றவன் எல்லாம் அந்த வலையத்தான் எடுக்குறான். ஞாயித்துக்கெயம ஆனாப் போதும், கயுத்துல கேமராவ மாட்டிகினு பட்டினப்பாக்கம் வந்துர்றீங்க. ஏன், மயிலாப்பூர்ல கோபுரம் தீந்துபோச்சா? சிரிக்காத. இந்தத் தங்கத்துக்கு இப்போ உங்க டேஸ்ட்டு அத்துப்படி. வா, நான் காட்டுறேன்.

போன மாசம் வந்து எடுத்தியே, அந்த ஃபிலிம கயுவிட்டியா சார்?

பையிலயே கீதா? சரி, சரி, இருக்கட்டும், அப்பால பாக்கலாம். இந்தச் செவுரப் பாரு. சுண்ணாம்பு உரிஞ்சு பல்ல இளிச்சுகினு கீது. உங்களுக்கு இதானே உசுரு? புதுசா வெள்ளையடிச்ச ஊட்ட எவனாவது எடுக்குறானா? மேல பூனை குந்திகினு கீது பாரு. எடு, எடு, ஓடிடப்போவுது.

இன்னா, வெளிச்சம் பத்தலயா? அப்போ வா, ஐஸ் ஒடைக்கிற எடத்துக்குப் போலாம். அங்க வெயிலு நல்லா வுயும்.

நானா? ஏன் இப்பிடிப் பறக்குறேன்னா கேக்குற? ஒரு எடத்துல நிக்க முடில சார். நின்னா கடலுதான் கண்ணுல படுது. அத்த உடு.

எல்லாப் படமும் பையில கீதா? அந்தப் பச்சப் படகு? அது எங்கூட்டுது சார். அதும்மேல குந்தி பீடி புடிச்சிகினு இருந்தாரே, அவுருதான் எங்கூட்டுக்காரு, பவுல்சாமி. படகு மட்டும் தனியா வோணும், கொஞ்சம் தள்ளிக்கோங்கன்னு நீ சொன்ன. அவுரும் சிரிச்சிகினே எறங்கி எட்டப் போய் நின்னாரு. உன்னியத் தப்பு சொல்லல சார். பீடியும் கையுமா ஒரு ஆளு நடுவுல இருந்தா, படம் இன்னா அயகா இருக்கும்?

அடுத்த வாரம் கடலுக்குப் போனப்போ படகு கவுந்துருச்சு. கூடப் போனவங்க நீந்தி வந்துட்டாங்க. இவுரு வர்ல. ஒடம்பும் ஒதுங்கல.

அய்ய, நீ இன்னாத்துக்குத் தலயத் தொங்கப்போடுற? கடலு பண்ணதுக்கு நீ இன்னா பண்ணுவ? கோயில்ல முப்பதாம் நாள் பூசைக்கு அவுரு படம் ஒண்ணு எடுத்தாரச் சொல்றாங்க. எங்க போவேன்? கல்யாணப் படம் குடிசை எரிஞ்சப்பவே போச்சு. வோட்டு கார்டுக்குப் படம் புடிக்க வந்தாங்க, அன்னிக்குன்னு பாத்து மனுசன் மீன் புடிக்கப் போய்ட்டாரு. கண்ண மூடுனா மூஞ்சி இப்பவே கலங்கலாத்தான் தெரியுது சார். பயமா கீது.

அவுரு எறங்குறதுக்கு முன்ன ஒரு தபா அமுக்கியிருப்பல்ல? ஓரத்துல பாதி மூஞ்சியாவது வுயுந்திருக்கும்ல?

இரு சார், இரு, கவர ஒடனே பிரிக்காத. நான் மொதல்ல குந்திக்கிறேன்.