மெஷினில் வந்த மச்சான் குரல்

குபெர்டினோவில் எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள், என் வீட்டுப் புல்வெளிதான் சீராக இருக்கும். சனிக்கிழமை காலையில் நானே வெட்டிவிடுவேன். ஆள் வைத்துச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை.

என் மனைவி எழிலரசியின் அண்ணன் மாரிசாமி கோவில்பட்டியிலிருந்து போன் செய்தது தொண்ணூற்றாறில். அப்போது நாங்கள் சன்னிவேலில் ஓர் அபார்ட்மெண்டில் இருந்தோம். இவள் கீழே துணி துவைக்கப் போயிருந்தாள். வேலையிலிருந்து வந்த நான், போனில் விட்ட சேதியைப் பதிந்துவைக்கும் ஆன்சரிங் மெஷினைத் தட்டினேன்.

"மாப்ளே, அம்மாவுக்கு ரொம்ப முடியல. அரசி எங்க, அரசி எங்கன்னு கேட்டுட்டே கிடக்கா. உடனே அனுப்பி வைங்க."

எங்கள் கிரீன் கார்டு மனு நிலுவையில் இருந்தது. அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் இவள் மனு அதோடு ரத்து. அவசர அனுமதி வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம்தான். ஆனால் போனவள் திரும்பி வர வேண்டுமே. இந்த ஊர் பிடிக்கவில்லை என்று வந்த நாளிலிருந்து மூக்கைச் சிந்துகிறவள், தாயைப் பார்த்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். அந்தக் குடும்பத்தையே எனக்குப் பிடிக்காது. தானும் முன்னேறாமல் அடுத்தவனையும் காலைப் பிடித்து இழுக்கிற கூட்டம்.

குரலை அழித்தேன். இவள் துணிக்கூடையோடு மேலே வந்தாள்.

"யாராச்சும் கால் பண்ணாங்களா?"

"கார்பெட் க்ளீன் பண்றவன்" என்றேன்.

மறுநாள் ஆபீஸிலிருந்து மாரிசாமியைக் கூப்பிட்டேன். "அரசிகிட்ட சொன்னேன், மச்சான். கார்டு வர்ற நேரம், இப்ப வர முடியாதுங்கறா." என்னைக் காரணம் காட்டியிருந்தால் என்னை மன்னித்திருக்க மாட்டார்கள். சொந்தத் தங்கை என்றால் என்றாவது மன்னிப்பார்கள்.

அவர், "அம்மாட்ட என்னன்னு சொல்ல?" என்றார்.

"உள்ளதைச் சொல்லுங்க" என்றேன்.

அதன் பிறகு அங்கிருந்து போன் வரவில்லை. ரோஷக்காரர்கள். அதை நம்பித்தான் செய்தேன். அத்தை மேலும் மூன்று வாரம் நினைவோடு இருந்ததாக யாரோ சொன்னார்கள். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று எழிலரசியிடம் நான் சொன்னது காரியமெல்லாம் முடிந்த பிறகு.

அழுதபடியே ஊருக்குப் போன் செய்தாள். குரலைக் கேட்டதும் அண்ணன் வைத்துவிட்டார். "ஏங்க, நான் என்ன பண்ணேன்?" என்று வருஷக்கணக்கில் கேட்டாள். துக்கத்தில் இருக்கிறார்கள், விடு என்பேன்.

கார்டு வந்தது, வீடும் வந்தது. போன மாதம் நானாகவே சொன்னேன், "டிக்கெட் போடறேன், ஊருக்குப் போயிட்டு வா."

"அங்க எனக்கு யாரு இருக்கா?" என்றாள்.

கேட்டீர்களா? ஒருவழியாக அவளுக்கும் இந்த ஊர் பிடித்துவிட்டது.