பன்னிரண்டாயிரம் பாக்கி

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் இதை நானே எழுதித் தருகிறேன், உங்கள் எழுத்தர் சிரமப்பட வேண்டாம். அந்த மெக்கானிக்கை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு நாளாக உங்கள் ஸ்டேஷன் வராந்தாவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

என் கணவரின் லாரிக்கு இருபத்திரண்டு வயது. கிலோமீட்டர் காட்டும் முள் செத்துப் பல வருடம் ஆயிற்று. அந்த இன்ஜினுக்குள் டைமிங் பெல்ட் என்று ஒரு ரப்பர் பட்டை ஓடுகிறது. எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை அதை மாற்றிவிட வேண்டும். ஓட்டத்தில் அறுந்தால் இன்ஜின் அங்கேயே நின்றுவிடும். முள் ஓடாத வண்டிக்கு எண்பதாயிரம் ஆகிவிட்டது என்று யார் சொல்வது? நான்தான் சொல்ல வேண்டும். சரக்கை இறக்கியதும் எங்கிருந்து எங்கே போனார் என்று போனில் சொல்வார், நான் தூரத்தைக் கூட்டி நோட்டில் எழுதுவேன். "என் வீட்டுக்காரி போட்ட கணக்க எமனே வந்து கூட்டிப் பாத்தாலும் தப்பு வராது" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

எங்களுக்கு ஒரே பெண். பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். ஏழு வயதில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அவர் அப்போது அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் மரப்பலகை இறக்கிக்கொண்டிருந்தார். வெறும் வண்டியை விரட்டிக்கொண்டு வந்தும் அவளை உயிரோடு பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்த அறுநூறை மறுநாள்தான் நோட்டில் ஏற்றினேன்.

அவள் அறையை மூடியே வைத்திருக்கிறேன். சீப்பில் அவள் முடி இருக்கிறது. தலையணையில் அவள் தலை வைத்த பள்ளம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை கதவை ஒரு சாண் திறந்து, மூச்சை இழுத்துக்கொண்டு உடனே மூடிவிடுவேன். இன்னும் அவள் வாசனை வருகிறது. திறந்து போட்டால் அதுவும் போய்விடும். பைத்தியக்காரத்தனம் என்று உங்களுக்குத் தோன்றலாம். பெற்ற வயிற்றுக்குத்தான் அது தெரியும்.

இரண்டு வருடம் முன்பு ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"இந்தக் கிழட்டு வண்டிக்கு இன்னொரு பெல்ட் போடறது வீண்மா. எண்பதாயிரம் ஆகட்டும், வித்துட்டு வீட்டோட வந்துடறேன். நீயும் எத்தன நாளைக்குத்தான் தனியா கெடப்ப? வந்ததும் மொத வேலையா பாப்பா ரூமத் தொறந்து பெயின்ட் அடிச்சுடலாம். கொஞ்சம் காத்து வரட்டும்."

"சரிங்க" என்றேன். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

அன்றைக்கு நோட்டில் நாற்பத்தோராயிரம் இருந்தது. அடுத்த நடை நானூற்று இருபது. நானூறு என்று எழுதினேன். இருபது கிலோமீட்டரில் யார் குடி முழுகிவிடப் போகிறது? அதற்கடுத்த நடையில் ஐம்பது குறைத்தேன். போகப் போகப் பாதியைக்கூட எழுதவில்லை. ஒரு தடவை அவரே கேட்டார்.

"ஓட்டறது என்னவோ நெறைய மாதிரி இருக்கு, கணக்குல ஏறவே மாட்டேங்குதே?"

"வயசாகுதுல்ல, அலுப்புங்க" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று சிரித்தார். அன்று அவர் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன்.

எனக்குப் பொய்க் கணக்குப் பிடிக்காது. அதனால் உண்மைக் கணக்கையும் வேறொரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் போன் செய்தார். மலைச்சாலை ஏறுவதற்கு முன்னால் ஆயில் மாற்ற நிறுத்தியிருந்தார். பின்னால் மெக்கானிக்கின் குரல் கேட்டது. "ரப்பர் சமாச்சாரம்ணே, நம்ப முடியாது. கவரக் கழட்டி ஒரு பார்வ பாத்துடலாம். அரை நாள் வேலைதான்."

"கணக்கு எவ்ளோ ஆச்சும்மா?" என்று அவர் கேட்டார். "எண்பது ஆயிடுச்சுன்னா சொல்லு. சரக்க வேற வண்டிக்கு மாத்தி விட்டுட்டு இப்படியே திரும்பிடறேன்."

இரண்டு நோட்டையும் எடுத்து விரித்து வைத்தேன். ஒன்றில் அறுபத்தெட்டாயிரம் இருந்தது. மற்றதில் ஒரு லட்சத்து நாலாயிரம்.

"இன்னும் பன்னிரண்டாயிரம் பாக்கி இருக்கு. பயப்படாம போயிட்டு வாங்க" என்றேன்.

"அக்கா சொன்னாச் சரி" என்று மெக்கானிக் விட்டுவிட்டார்.

இறக்கத்தில் மூன்றாவது வளைவில் பெல்ட் அறுந்திருக்கிறது. இன்ஜின் நின்றால் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் லேசில் திரும்பாது. இதெல்லாம் அவரே எப்போதோ சொல்லி எனக்குத் தெரியும். எதிரே பஸ் வந்திருக்கிறது. இரண்டு கையாலும் இழுத்து வண்டியைப் பாறையில் கொண்டுபோய் மோதினாராம், பஸ் டிரைவர் வந்து சொன்னார். பஸ்ஸில் ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. அவர் அப்படிப்பட்ட மனிதர். ஆஸ்பத்திரியில் நான் மார்பில் அடித்துக்கொண்டு அழுதது நடிப்பில்லை. பாப்பாவுக்காக என்னோடு சேர்ந்து அழ இருந்த ஒரே ஆள் அவர்தான்.

அவர் சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவர் வீட்டோடு வருவது கொஞ்சம் தள்ளிப்போகட்டும் என்றுதான் நினைத்தேன். பெல்ட் எந்த நேரமும் அறுந்துவிடும் என்று போனில் பேசும்போது உனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். நான் சிறையில் இருக்கும் காலத்தில் பாப்பாவின் அறையை யாரும் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் இருந்திருந்தால் அவரிடமே சொல்லியிருப்பேன். நான் கேட்டு அவர் எதையும் மாட்டேன் என்று சொன்னதே இல்லை.