ஈறில் போட்ட தையல்

அக்கா: கையை எடுடா வாயிலேருந்து. ஊர் ரகசியம் சொல்ற மாதிரி பொத்திக்கிட்டே பேசுற...

தம்பி: ஆஸ்பத்திரின்னா மெதுவாத்தான் பேசணும்.

அக்கா: இது பல் ஆஸ்பத்திரி. இங்க எல்லாரும் வாயைத் திறக்கத்தான் வர்றாங்க.

தம்பி: சரி, நீ முதல்ல அந்தப் பையைக் கீழ வை. அப்படி என்னத்தை இறுக்கிப் பிடிச்சிருக்க?

அக்கா: ஒரு கொய்யாக்கா.

தம்பி: கொய்யாக்காயா?

அக்கா: செங்காய். கல்லு மாதிரி. கடைக்காரர் பழுத்ததா எடுத்துக் குடுத்தாரு, வேணாம்னுட்டேன்.

தம்பி: டாக்டருக்கா?

அக்கா: எனக்குடா! இன்னைக்கு நல்ல சேதி சொன்னாங்கன்னா இங்கேயே, டாக்டர் கண்ணு முன்னாடியே, முன்பல்லால ஒரே கடி.

தம்பி: ஒருவேளை... வேற மாதிரி சொல்லிட்டா?

அக்கா: வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொடிசா சீவி, கடைவாயில ஒதுக்கி ஒதுக்கித் தின்னுக்கிறேன். ஒன்றரை வருஷமா அதானே பொழைப்பு.

தம்பி: வாயைக் கழுவு. நல்லதே சொல்வாங்க.

அக்கா: அதைத்தானே மூணு மாசமா பண்றேன். காலைல ஒரு தடவை கொப்புளி, ராத்திரி ஒரு தடவை கொப்புளி...

தம்பி: ...அக்கா.

அக்கா: ம்.

தம்பி: அந்த மரத்துப்போற ஊசி... அது வலிச்சுதா?

அக்கா: இதை நீ நூறு தடவை கேட்டாச்சு.

தம்பி: இன்னொரு தடவை சொன்னா கொறைஞ்சா போயிருவ?

அக்கா: தைக்கிறப்ப விரல்ல ஊசி ஏறினா எப்படி இருக்கும்? அவ்வளவுதான். அப்புறம் வாயே நம்மளுது இல்ல. பக்கத்து வீட்டு வாயில ஏதோ வேலை நடக்குது, நம்ம சும்மா படுத்திருக்கோம்.

தம்பி: கிழிக்கிறது தெரியலையா?

அக்கா: கிழிக்கிறதா! நல்லா வருது உன் வாயில. தையல்காரன் மாதிரி கேளுடா. காலருக்கு உள்ள அழுக்கு போய் அடைஞ்சிருச்சு. மேலால துவைச்சா போகுமா?

தம்பி: எங்க போகும்? பிரிச்சுத்தான் ஆகணும்.

அக்கா: அதேதான். ஈறை மெதுவா விலக்கி, பல்லு வேர்ல ஒட்டியிருந்த காரையெல்லாம் சுரண்டி எடுத்து, கழுவி, திரும்ப அதே இடத்துல வெச்சுத் தைச்சுட்டாங்க.

தம்பி: தையல் எப்படி?

அக்கா: கண்ணாடில பார்த்தேன். ஒரே அளவு. இழுப்பு இல்ல, சுருக்கம் இல்ல. பட்டன் ஓட்டைக்கு நீ போடுற காஜாவை விட நல்லா இருந்துச்சு.

தம்பி: என் காஜாவுக்கு என்ன கொறைச்சல்?

அக்கா: கொறைச்சல்னு சொன்னேனா? கொஞ்ச நாளா உன் கவனம் வேற எங்கேயோ இருக்குன்னு சொல்றேன்.

தம்பி: ஏலக்காய் வேணுமா?

அக்கா: பேச்சை மாத்தாத. எப்பப் பார்த்தாலும் என்னடா ஏலக்காய்? டப்பா டப்பாவா காலியாகுது.

தம்பி: தோள் அளவு எடுக்குறப்ப ஆளுங்க பக்கத்துல நிக்கிறாங்க... வாய் வாசனையா இருக்க வேணாமா?

அக்கா: ம்.

தம்பி: என்ன ம்?

அக்கா: ம்னா ம். அவ்வளவுதான்.

தம்பி: சரி, நான் ஒண்ணு கேக்குறேன், மழுப்பாம சொல்லு. ஒரு வருஷமா இந்த டாக்டர் உன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நீ அசையல. அப்பாவுக்கு நாப்பத்தஞ்சு வயசுலயே மொத்தப் பல்லும் கொட்டி, பல்செட்டு டம்ளருக்குள்ள வந்துருச்சு, நம்ம குடும்ப ராசியே அதுதான்னு வசனம் பேசிக்கிட்டுத் திரிஞ்ச.

அக்கா: அந்த டம்ளரை இப்பவும் என்னால மறக்க முடியலடா. ராத்திரி தண்ணின்னு நினைச்சு எடுத்துக் குடிக்கப் போயி...

தம்பி: அதை விடு. அப்படிப்பட்டவ, திடீர்னு ஒரு செவ்வாய்க்கிழமை மேசை மேல கத்தரியை வெச்சுட்டு, "நான் போய்ப் படுத்துக்குறேன், வெட்டட்டும்"னு கிளம்பிட்ட. அன்னைக்கு என்ன ஆச்சு?

அக்கா: தோணிச்சு. போனேன்.

தம்பி: அவ்வளவுதானா?

அக்கா: மழை வந்தாக்கூட நின்னு காரணம் கேப்ப போல இருக்கே. விடுடா.

தம்பி: ஏதோ மறைக்கிற.

அக்கா: மறைக்கிறேன்தான். ஆனா அது இல்ல, வேற ஒண்ணு... டேய், டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிராத.

தம்பி: என்ன பண்ணித் தொலைச்ச?

அக்கா: தையல் போட்டு மூணாம் நாள் கண்ணாடி பார்த்தேனா... கீழ நடுப்பல்லுகிட்ட ஒரு நூல் முனை. இத்துனூண்டு. தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

தம்பி: அய்யோ.

அக்கா: நாக்குல நிரடிக்கிட்டே இருந்துச்சுடா...

தம்பி: அக்கா. நீ... வேணாம், சொல்லாத...

அக்கா: முப்பது வருஷமா பிசிறு வெட்டுற கை. அது சும்மா இருக்குமா?

தம்பி: வெட்டிட்டியா!

அக்கா: சின்னக் கத்தரிதான். கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்துத்தான் வெட்டினேன். ஆனா... பிசிறோட முடிச்சும் சேர்ந்து கையோட வந்துருச்சு.

தம்பி: முடிச்சே வந்துருச்சா! உன் வாயை என்ன சட்டைன்னு நினைச்சியா?

அக்கா: கத்தாத. எல்லாரும் பார்க்குறாங்க.

தம்பி: தையல் பிரிக்க வந்தப்பவாவது சொன்னியா?

அக்கா: எப்படிச் சொல்றது... பேசாம வாயைத் திறந்து காட்டிட்டு வந்துட்டேன். ஆனா அன்னையிலேருந்து எனக்கு அந்த ஒரு பல்லு நினைப்புதான். அதுதான் எல்லாத்தையும் விட ஜாஸ்தி ஆடிக்கிட்டு இருந்துச்சு. அங்க ஈறு ஒட்டலைன்னா பிடுங்கித்தான் ஆகணும். ஒண்ணு போனா பக்கத்துல இருக்கிறதும் போகும்... அப்புறம் டம்ளர்தான்.

தம்பி: டம்ளர் பேச்சை எடுக்காத! ஒட்டியிருக்கும். ஒட்டியே ஆகணும்... உனக்கே ஒட்டலைன்னா...

அக்கா: உனக்கே ஒட்டலைன்னா? மீதியைச் சொல்லு.

தம்பி: ஒண்ணுமில்ல.

டாக்டர்: தையல்கடை அம்மா, வாங்க. யாரு, தம்பியா? நீங்களும் உள்ள வாங்க.

தம்பி: நான் எதுக்கு டாக்டர்... இப்படி வெளிலயே...

டாக்டர்: அக்கா வாயைத் திறந்துட்டாங்கன்னா பேச முடியாது. அவங்களுக்காகப் பேச ஒரு ஆள் வேணும்ல?

அக்கா: அந்த வேலைன்னா இவன் நல்லாச் செய்வான்.

டாக்டர்: சாஞ்சுக்கங்க... இன்னும் கொஞ்சம். ஆ...

அக்கா: ஆ...

தம்பி: டாக்டர், அது என்ன கம்பி? குத்தப் போறீங்களா?

டாக்டர்: குத்துற கம்பி இல்ல, முனை மொக்கை. இதுல கோடு கோடா இருக்கு பாருங்க. உங்களுக்கு டேப்பு மாதிரி எனக்கு இது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல எவ்வளவு ஆழம் இறங்குதுன்னு அளக்கணும். மூணு மில்லிமீட்டருக்குள்ள இருந்தா நல்லது. ஆபரேஷனுக்கு முன்னாடி அக்காவுக்கு ஏழும் எட்டுமா இருந்துச்சு.

தம்பி: எட்டா! பாதி காஜா உள்ள போகுமே!

டாக்டர்: ஆரம்பிக்கலாமா? வலது கோரைப்பல்லு... மூணு.

தம்பி: மூணு! நல்லதுதானே?

டாக்டர்: நல்லதுதான். அடுத்தது... மூணு. ரத்தமும் கசியல.

தம்பி: அக்கா, ரெண்டு பல்லு தேறிருச்சு!

அக்கா: ங்ஆ...

டாக்டர்: நாக்கை உள்ள இழுத்துக்கங்கம்மா. இடது பக்கம்... இது ரெண்டு.

தம்பி: ரெண்டா! மூணுக்கும் கீழயா!

டாக்டர்: தம்பி, பந்தயம் பார்க்க வந்தவர் மாதிரி குதிக்காதீங்க, என் கை ஆடுது... இடது கோரைப்பல்லு, மூணு. சரி. இப்ப நடுப்பல்லு.

அக்கா: ங்ங்... ங்ங்...

டாக்டர்: ஏன்மா கையைப் பிடிக்கிறீங்க? வலிக்குதா?

தம்பி: வலி இல்ல டாக்டர், பயம். காரணம்... நான் சொல்லக் கூடாது.

டாக்டர்: நூல் வெட்டின கதைதானே?

அக்கா: ஙே!

தம்பி: உங்களுக்குத் தெரியுமா?

டாக்டர்: நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியாதா? ஒரு சட்டைக்கு எத்தனை பட்டன் வெச்சோம்னு நீங்க மறப்பீங்களா? தையல் பிரிக்குறப்ப ஒண்ணு காணோம். எங்கம்மா போச்சுன்னு கேக்கலாம்னு பார்த்தேன். உங்க அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாங்க. சரின்னு விட்டுட்டேன்.

தம்பி: இப்ப என்ன ஆகும்?

டாக்டர்: அளந்தாத்தான் தெரியும். ரெண்டு பேரும் முதல்ல மூச்சு விடுங்க... ம்... முன்பக்கம்...

தம்பி: என்ன டாக்டர்?

டாக்டர்: இருங்க.

தம்பி: ஏன் டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறீங்க?

டாக்டர்: இன்னொரு தடவை அளக்குறேன்...

தம்பி: எதுக்கு இன்னொரு தடவை? அக்கா, கையை இப்படிக் குடு... இல்ல, என் கையை நீ பிடிச்சுக்க...

டாக்டர்: எட்டு இருந்த இடம்ல? எனக்கே நம்பிக்கை வரணும்... மூணு.

தம்பி: மூணா!

டாக்டர்: மூணேதான். பின்பக்கமும் மூணு. முன்னாடி ஆடின ஆட்டத்துல கால்வாசிகூட இப்ப இல்ல. எழுந்து உக்காருங்கம்மா. எந்தப் பல்லையும் எடுக்க வேண்டியதில்ல. அத்தனையும் உங்களோடதான்.

தம்பி: அக்கா? என்ன, அழறியா?

அக்கா: யாரு அழறா? இவ்வளவு நேரம் வாயைப் பொளந்துக்கிட்டே இருந்தா கண்ணுல தண்ணி வராதா... டேய், ஜெயிச்சுட்டேன்டா! அந்த டம்ளரை ஜெயிச்சுட்டேன்!

தம்பி: குடும்ப ராசியாவது மண்ணாவது!

டாக்டர்: ராசி இல்ல, உடல்வாகு ஒரு பங்கு இருக்கலாம். ஆனா அழுக்கு ஈறுக்கு அடியில தங்கித் தங்கித்தான் எலும்பைத் தின்னுது. ஈறு சுருங்கினதால பல்லு கொஞ்சம் நீளமாத் தெரியும், சில்லுன்னு குடிச்சா கூசும், பயப்படாதீங்க. தினமும் பல்லு இடுக்கெல்லாம் சுத்தம் பண்ணணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை இங்க வரணும். அப்புறம் முக்கியமா, இனி குண்டூசி வாயில இருக்கக் கூடாது. நூலைப் பல்லால அறுக்கக் கூடாது.

அக்கா: குண்டூசியெல்லாம் இப்ப மணிக்கட்டுல கட்டின பஞ்சுமெத்தையிலதான் டாக்டர். நூலுக்குக் கத்தரி. ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்கணும்... இந்தக் கொய்யாக்கா?

டாக்டர்: இவ்வளவு காயா இருக்கே! சரி... மெதுவா கடிங்க.

அக்கா: மெதுவாவா? இத்தனை நாள் மெதுவாத்தானே தின்னேன்...

தம்பி: டாக்டர், சத்தம் கேட்டுச்சா! வெளில உக்காந்திருக்கிறவங்களுக்கே கேட்டிருக்கும்!

அக்கா: பாருங்க டாக்டர், பல்லு பதிஞ்ச தடம் வரிசையா! ரத்தம் ஒரு பொட்டு இருக்கா?

டாக்டர்: இல்லம்மா. மருந்துக்குக்கூட இல்ல.

அக்கா: என்னா ருசி... துவர்ப்புக்கூட இனிக்குதுடா. இந்தா, நீயும் ஒரு கடி கடி.

தம்பி: நீ சாப்பிடு.

அக்கா: கடிடா.

தம்பி: வயிறு முட்ட சாப்பிட்டுத்தான் வந்தேன்...

அக்கா: ஒரே ஒரு கடி. முன்பல்லால.

தம்பி: டாக்டர்... இந்த நாற்காலிக்கு... அடுத்து யாராவது இருக்காங்களா?

டாக்டர்: இருக்காங்களே.

தம்பி: ஓ. அப்ப பரவாயில்ல... இன்னொரு நாள் வர்றேன்.

டாக்டர்: அடுத்த ஆளே நீங்கதான் தம்பி. அக்கா போன வாரமே உங்களுக்கும் சேர்த்து நேரம் வாங்கிட்டாங்க.

தம்பி: அக்கா! உனக்கு எப்படி... நான் யார்கிட்டயும் மூச்சே விடலையே!

அக்கா: நீ தைச்ச சட்டைக்கு நான்தானேடா பட்டன் வைக்கிறேன்? இத்தனை வருஷத்துல நீ கத்தரியால நூல் வெட்டி நான் பார்த்ததில்ல. பல்லால கடிச்சு அறுப்ப, முனையெல்லாம் பிய்ஞ்சு நாராத்தான் இருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு சட்டையை எடுக்குறேன், அத்தனை முனையும் நறுக்குன்னு கத்தரி வெட்டு.

தம்பி: ஆடுதுக்கா. ரெண்டு பல்லு. தலையணையெல்லாம் ரத்தம்... மூணு மாசமா தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?

அக்கா: சொன்னா ஓடியிருப்ப. நீ என்னை விடப் பயந்தாங்கொள்ளி. அதான் முதல்ல நான் போய்ப் படுத்தேன், ஜெயிச்சுட்டுச் சொல்லிக்கலாம்னு... உக்காருடா, வாயைத் திற. ஊசி நிஜமாவே வலிக்காது.