சனிக்கிழமைத் துப்பாக்கி

வெர்லின்: வேணாம் ராய்ஸ், இந்தத் துப்பாக்கி ஆகாது. ஈரச் சோப்பு மாதிரி கைல வழுக்குது.

ராய்ஸ்: இப்ப மொன்டானா மாநிலம் பூரா நம்ம கடைல இதைத்தான் வாங்குது ஐயா. கோட்டுப் பையில போட்டா போட்டதே தெரியாது.

வெர்லின்: ஊரே வாங்குதுன்னு அடுத்தவன் பல்செட்டை நான் மாட்டிக்க முடியுமா?

டார்லா: அப்பா, பத்து நிமிஷம்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தேன்...

வெர்லின்: ஏம்மா, துப்பாக்கி வாங்கறதுன்னா தக்காளி வாங்கற மாதிரின்னு நெனச்சியா? கைல எடுத்து, கண்ணை மூடி, சுவத்தப் பாத்து நீட்டணும். கண்ணைத் தொறக்கறப்ப குறி நேரா நிக்கணும். நிக்கலேன்னா, எவ்வளவு அழகா இருந்தாலும் அது நமக்கில்ல.

டார்லா: போன வாரமும் இதையேதான்...

ராய்ஸ்: டார்லா, அங்க காபி இருக்கு. எடுத்துக்கங்களேன்.

வெர்லின்: போன வாரம் என்ன?

டார்லா: ...போன வாரமும் இதே பனின்னு சொன்னேன்.

வெர்லின்: எனக்கும் ஒரு காபி கொடுக்கச் சொல்லு. வீட்டுல இவ தர்றது சத்தை எடுத்த காபி, ராய்ஸ். உப்பில்லாத முட்டை. பட்டன் இல்லாத சட்டை. நான் என்னமோ நேத்துப் பொறந்தவன் மாதிரி.

டார்லா: டாக்டர் சொன்னதைச் செய்யறேன். என் இஷ்டத்துக்கா செய்யறேன்?

ராய்ஸ்: இந்த ரிவால்வரைப் பாருங்க ஐயா. குட்டியா இருக்கு.

வெர்லின்: சுண்டுவிரல் அந்தரத்துல தொங்குதுப்பா. விசையும் இறுக்கம். நான் இழுத்து முடிக்கறதுக்குள்ள கரடி என்னைத் தின்னுட்டு ஏப்பம் விட்டிருக்கும்.

டார்லா: நீங்க இருக்கறது டவுன்ல, என் வீட்டுப் பின்ரூம்ல. அங்க எங்கேருந்துப்பா கரடி வருது?

வெர்லின்: வரலாம். எனக்குத்தான் வெளிய போக வழியில்ல. அதுக்கு உள்ள வர வழி இருக்கு... ஆமா, அந்தக் கண்ணாடிப் பெட்டில கடைசியா இருக்கே, அது என்ன?

ராய்ஸ்: அது... பழசு ஐயா.

வெர்லின்: நான் மட்டும் புதுசா? எடு.

ராய்ஸ்: இருங்க. உள்ள குண்டு இல்லேன்னு காட்டிட்டுத் தர்றேன்... பாருங்க. ஒண்ணுமில்ல.

வெர்லின்: ம்...

ராய்ஸ்: எப்படி?

வெர்லின்: பேசாம இரு.

டார்லா: அப்பா...

வெர்லின்: பாரு, கட்டைவிரல் தானா போய் உக்காருது. நாலு விரலுக்கும் இடம் இருக்கு. கண்ணைத் தொறந்தா குறி அச்சா நிக்குது. இதுக்குத்தான் சொன்னேன்... பிடி இந்தப் பக்கமா தேஞ்சிருக்கு பாத்தியா? வச்சிருந்தவன் இடது கைக்காரன். என்னை மாதிரி.

ராய்ஸ்: இருக்கும்.

வெர்லின்: யாரு அவன்?

ராய்ஸ்: வடக்கே ஒரு பண்ணைக்காரர்.

வெர்லின்: செத்துட்டானா?

ராய்ஸ்: இல்ல ஐயா. வயசாயிடுச்சு... வீட்டுல கொண்டுவந்து வித்துட்டாங்க.

வெர்லின்: உசிரோட இருக்கறப்பவேவா? நல்ல வீடுதான்.

டார்லா: அந்த வீட்டுல அவங்களுக்கு என்ன கஷ்டமோ. நமக்கு என்ன தெரியும்.

வெர்லின்: அதுவும் சரிதான். இதையே எடுத்துக்கறேன். ஃபாரத்தைக் கொடு.

ராய்ஸ்: எழுதிக் கொடுங்க. ஆனா துப்பாக்கி தரலாமான்னு அரசாங்கச் சரிபார்ப்பு இன்னிக்கு வராது. திங்கக்கிழமை ஆயிடும்.

வெர்லின்: ஆகட்டும். நான் எங்க ஓடிப்போகப் போறேன்... இந்தா, கையெழுத்து. பின்னால தூண்டில் வச்சிருக்கியே, அதைப் பாத்துட்டு வர்றேன். கைத்தடி வேணாம்மா, விடு. நடக்கத் தெரியும்.

டார்லா: ...போயிட்டாரா?

ராய்ஸ்: போயிட்டார். இதோட எட்டாவது ஃபாரம் டார்லா. ஒண்ணைக்கூட அனுப்பல, எல்லாம் டிராயர்லதான் கிடக்கு. எனக்கு உறுத்துது. இன்னும் எத்தனை சனிக்கிழமை இந்தக் கூத்து?

டார்லா: திங்கக்கிழமைக்குள்ள மறந்துடறார் ராய்ஸ். சனிக்கிழமை காலைல ஷேவ் பண்ணிட்டு, தொப்பி போட்டுட்டு, துப்பாக்கி பாக்கப் போலாம்ங்கறார். இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

ராய்ஸ்: வேற ஒருத்தர் அந்தப் பழசை விலைக்குக் கேட்டார். நான் தரல. உங்கப்பாவோட சொந்தத் துப்பாக்கியை அவருக்கே காட்டிக் காட்டிப் பூட்டி வைக்கிறேன். இது பாவம் இல்லையா? மத்த துப்பாக்கியெல்லாம் உங்க தம்பி வீட்டுக்கு அனுப்பின மாதிரி இதையும் அனுப்பியிருக்கலாமே. ஏன் வித்தீங்க?

டார்லா: அதை என் கண்ணால பாக்க முடியல... மார்ச்ல, பட்டப்பகல்ல, பண்ணை வீட்டுல. பின்கதவு வழியா உள்ள போனேன். நாற்காலில தூங்கிட்டு இருந்தவர் எழுந்து இதை என் நெஞ்சுக்கு நேரா நீட்டினார். திருடன்னு நெனச்சுட்டார். பெத்த பொண்ணு முகம் தெரியல அவருக்கு. அப்பா, நான் டார்லான்னு எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா?

ராய்ஸ்: கடவுளே... அவர்கிட்ட சொன்னீங்களா?

டார்லா: எப்படிச் சொல்வேன்? நொறுங்கிப் போயிடுவார். மறுநாளே என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். அவருக்கு ஞாபகமே இல்ல. அப்படியே இருக்கட்டும்.

வெர்லின்: தூண்டில் ஒண்ணும் சரியில்ல ராய்ஸ். அந்த எட்டையும் எடு. கிழிச்சுப் போட்டுடலாம்.

ராய்ஸ்: ...எதை ஐயா?

வெர்லின்: ஃபாரத்தைத்தான். நான் எழுதினது எனக்குத் தெரியாதா?

டார்லா: அப்பா... உங்களுக்கு...

வெர்லின்: நாப்பது வருஷம் என் கைல கிடந்ததை யாரோ பண்ணைக்காரனோடதுங்கறான். பாவம், அவனுக்குப் பொய் சொல்ல வரல.

டார்லா: அப்புறம் எதுக்கு வாரா வாரம் என்னை இழுத்துட்டு வந்தீங்க?

வெர்லின்: எது புடிச்சிருக்குன்னு என்னைக் கேக்கறது இவன் ஒருத்தன்தான். நாலைக் காட்டறான், மூணை வேணாங்கறேன். வேணாம்னா எடுத்து உள்ள வச்சுடறான். உன் வீட்டுல நான் வேணாம்னு சொன்னா எதுவாச்சும் நிக்குதா?

டார்லா: உங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதானே எல்லாம்... உங்க மேல எனக்குக் கோவமில்லப்பா. நான் இப்பச் சொன்னது உங்க காதுல விழுந்திருக்கும்... அன்னிக்கு நீங்க தெரியாம செஞ்சது. அது நோய். திருடன்னு நெனச்சுட்டீங்க, அவ்வளவுதான். எனக்குப் புரியுது.

வெர்லின்: நான் இனி வண்டி ஓட்டக்கூடாதுன்னு நீ எடுத்த என் வண்டிச் சாவி அன்னிக்கு உன் கைல இருந்துச்சு டார்லா. நீன்னு தெரிஞ்சுதான் நீட்டினேன்.