மீன்குளத்தில் தோசைக்கல்

தொண்ணூறுகளில் ஒரு பனிக்காலக் காலை. லண்டனில், கிங்ஸ்பரி பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த தம்பதியில் கணவர் மனைவியிடம் மெல்லச் சொன்னார்:

“உம்மட தோசைக்கல் மீன்குளத்துக்குள்ள விழுந்திட்டுது.”

“அம்மா யாழ்ப்பாணத்தில இருந்து தந்துவிட்ட கல்லோ? அதை ஏன் தோட்டத்துக்குக் கொண்டுபோனீங்கள்?”

“குளம் உறைஞ்சிட்டுது. ஐஸை அடிச்சு உடைச்சால் மீன் செத்திடுமாம். அதுதான் கல்லைச் சூடாக்கி மேல வைச்சனான். ஓட்டை விழ, கல்லும் உள்ள போயிட்டுது.”

“மீனுகள்?”

“அடியில கிடக்குதுகள். அசைவில்லை, சாப்பாடில்லை. ஆனா உயிர் இருக்கு.”

அவர் மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“வந்த முதல் விண்டர், அந்த ஒற்றை ஹீட்டரோட நாங்களும் அப்பிடித்தானே கிடந்தனாங்கள்.”

“ஓம். கல்லைக் கம்பி போட்டு இழுக்கட்டோ?”

“வேண்டாம், அதுகள் பயந்திடும். வெயில் வரட்டும். அதுவரைக்கும் உங்களுக்குத் தோசை இல்லை, கடைப் பாண்தான்.”