சிவப்புக் கோட்டுக்குக் கீழே

பிளேன்டீக்கு நன்றி, றஹீம் சேர். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறீர்கள், தொண்டைக்கு இதமாக இருக்கிறது. ஒரேயொரு உதவி செய்யுங்கள். எழுதும்போது குனிந்துகொண்டே கேள்வி கேட்காதீர்கள், என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். முகம் பார்க்காமல் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

பெயர் ஜெயக்காந்தன். வயது நாற்பத்தெட்டு. அலுவிகாரையில் சவுண்ட் செட் வாடகைக்கு விடுகிறேன். மாத்தளையில் கோயில் திருவிழாவோ கல்யாண வீடோ, பெரும்பாலும் என் பெட்டிகள்தான் நிற்கும். என்னை யாரும் இந்தப் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் பிடித்து வரவில்லை, நானாகத்தான் வந்தேன். என் சிநேகிதன் நிமலன் செத்ததைப் பற்றிச் சொல்ல வந்தேன். ஆனால் செந்நாயைச் சொல்லாமல் நிமலனைச் சொல்ல முடியாது.

செந்நாய் என்பது ஒரு பாட்டுக் கெசட். தொண்ணூற்றெட்டில் நிமலனுடைய மாமா லண்டனிலிருந்து அனுப்பியது. அட்டையில் ஒரு சிவப்பு நாய் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும், அதனால் நாங்கள் வைத்த பெயர் அது. இரண்டு வெள்ளைக்காரர்கள் மெசினை வைத்துச் செய்த ஆட்ட இசை. பத்துப் பாட்டு. பாட்டு என்று பேர்தான், வார்த்தை கிடையாது. மூன்றாவதில் மட்டும் ஒருவன் தொண்டை கிழியக் கத்துவான். நிமலனின் அப்பா ஒருநாள் கேட்டுவிட்டு, "என்னடா இது, மாவு மில்லுக்குள்ள பூனை மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னது சரி. அதற்காகத்தான் எங்களுக்குப் பிடித்தது.

அந்த யுத்தக் காலம் உங்களுக்கும் தெரியும். தம்புள்ளைக்கு பஸ் ஏறினால் வழியில் இறங்கி அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பஸ்ஸுக்குள் தமிழில் கொஞ்சம் உரக்கப் பேசினால் நாலு தலை திரும்பும். "மெதுவா பேசு, மெதுவா பேசு" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த வயதில் யாரோ எங்களுக்குப் பதிலாகக் கத்தினார்கள். முதல் தடவை கேட்டபோது நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என் வீட்டுக்குப் பின்னால் பழைய மிளகு ஸ்டோர் ஒன்று இருக்கிறது. கல்சுவர், ஒரே ஒரு இரும்புக் கதவு. சத்தம் வெளியே போகாமல் சுவரெல்லாம் தேங்காய்த் தும்பு மெத்தை அடித்து, மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் அங்கே கூடுவோம். இருபத்தாறு வருடமாக. முதலில் பதினொரு பேர். கல்யாணம், வெளிநாடு என்று உதிர்ந்து கடைசியில் நான், நிமலன், அவன் மனைவி சுரேகா, தம்புள்ளைக்கு லொறி ஓட்டும் கஜீபன், நாலு பேர்தான். போன்களை வெளியே வைத்துவிட வேண்டும். கதவை உள்ளே பூட்டிச் சாவியை நான் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். செந்நாய் தொடங்கினால் முடியும் வரை யாரும் வெளியே போகக் கூடாது. அம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் காட்டும் மீட்டரின்மேல், சுரேகா நகத்துக்குப் பூசும் கியூடெக்ஸால் போட்ட சிவப்புக் கோடு ஒன்று உண்டு. முள் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இந்த விதிகளை எழுதியவனே நிமலன்தான்.

இன்னொரு வழக்கம் இருந்தது. மூன்றாவது பாட்டில் அந்த ஆள் கத்தத் தொடங்கியதும் ஒருவர் எழுந்துபோய் இரும்புக் கதவை இரண்டு கையாலும் குத்துவார், மற்றவர்கள் காலால் தரையை மிதிப்பார்கள். முறை வைத்துச் செய்வோம். கதவில் நிமலனை மிஞ்ச ஆள் கிடையாது. இருபத்தாறு வருடத்தில் ஒருநாள்கூடத் தாளம் தப்பியதில்லை.

போன மாசியில் அவனுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் நடந்தது. அதன் பிறகு ஒருநாள் சுரேகாவையும் கஜீபனையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்து, "மச்சான், இனிமே கொஞ்சம் கொறச்சுப் போடுவோம். பெருஞ்சத்தம் ஆகாதுன்னு டொக்டர் சொல்லிட்டாரு" என்றான்.

"செந்நாய மெதுவா கேக்கிறதுக்கு ஒரு பூனை வளத்துட்டுப் போகலாம்" என்றேன்.

அவன் சிரித்தான். "மெதுவா போட்டாலும் அதே பாட்டுத்தான்டா. உள்ளுக்குள்ள நமக்கு மனப்பாடம்தானே."

கஜீபனும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டான். "எனக்கும் ரெண்டு நாளைக்கு காது கொய்யுன்னு கெடக்குது அண்ணே. நமக்கும் வயசாகுது இல்லீங்களா?" என்றான். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சரி என்றேன். பாதிச் சத்தத்தில் போடுவதாக வாக்குக் கொடுத்தேன். அதை நம்பித்தான் அவன் அந்த ஞாயிறு வந்தான்.

வாக்குப்படி பாதியில்தான் தொடங்கினேன். முதல் இரண்டு பாட்டும் அந்த அறைக்குள் எதுவுமே நடக்கவில்லை. மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்கள். என்னத்தை ரசித்தார்களோ, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு மறுபடியும் "மெதுவா பேசு" என்கிறார்கள், அதுவும் என் ஸ்டோருக்குள். மூன்றாவது பாட்டில் முள்ளைக் கோட்டுக்கு ஏற்றினேன். பிறகு கோட்டுக்கு மேலேயும் ஏற்றினேன்.

நிமலன் கண்ணைத் திறந்தான். கையால் குறைக்கச் சொன்னான். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கதவுக்குப் போய்க் குத்தினான்.

அன்று கதவு முறை கஜீபனுடையது. அவன் பாதி எழுந்தவன், நிமலன் போவதைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். சுரேகா எழுந்து நின்று தரையை மிதித்தாள். "பழைய ஆளு திரும்பி வந்துட்டாரு" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். அவள் வாயசைவில் தெரிந்துகொண்டேன். அவ்வளவு சந்தோசமாக அவளை நான் பல மாதமாகப் பார்த்ததில்லை.

எனக்கு மட்டும்தான் தெரியும். என் காலடியில் தரை அதிர்ந்துகொண்டிருந்தது. அவன் கை அதோடு சேரவில்லை. தாளத்துக்கு முன்னேயும் பின்னேயும் விழுந்தது. நிமலன் தாளம் தப்புகிறான் என்றால் அது ஆட்டமில்லை, திறக்கச் சொல்கிறான். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. எனக்கும் கதவுக்கும் நாலு எட்டு. பாட்டு ஏழு நிமிடம். ஏழு நிமிடமும் நான் உட்கார்ந்தே இருந்தேன்.

பிறகு அவன் கதவோடு சரிந்தான். களைத்துவிட்டான் என்று சுரேகா போய் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நாலாவது பாட்டு முழுக்க அப்படியே இருந்தாள். ஐந்தாவதில்தான் அவளுக்குப் புரிந்தது. அப்போது நிறுத்தினேன். செந்நாயை நடுவில் நிறுத்தியது அதுவே முதல் தடவை. அதற்காக மட்டும் வருத்தப்படுகிறேன்.

யாரும் சந்தேகப்படவில்லை. நெஞ்சு நோயாளி, நெஞ்சு நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஆனால் கருமாதியன்று வந்தவர்களிடமெல்லாம் சுரேகா, "கடைசி வரைக்கும் தாளம் தப்பாம தட்டிக்கிட்டுத்தான் போனாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. அவன் தப்பினான். நான் பார்த்தேன். சவுண்ட் செட்காரன் முன்னால் அப்படிப் பொய் சொல்லக் கூடாது.

கொன்றேன் என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். செந்நாயை அதன் முழுக் குரலில் நேசித்த ஒரே ஆள் நான். மற்ற மூன்று பேரும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். காப்பாற்ற நான் ஒருவன்தான் மிஞ்சினேன்.

என்ன சேர், போனை எடுக்கிறீர்கள்? மேசைமேல் வைத்துவிட்டு என்னையே பார்க்கிறீர்கள். திரையில் சிவப்பு நாய் தெரிகிறது, தேடிப் பிடித்துவிட்டீர்கள். ஓ, ஓடிக்கொண்டிருக்கிறதா? எத்தனையாவது பாட்டு என்றா கேட்கிறீர்கள்?

கொஞ்சம் பொறுங்கள். மேசையில் கையை வைத்துப் பார்க்கிறேன்.

இல்லை. இந்தச் சின்னப் போனில் அதிர்வே கிடையாது.

மூன்று வருடமாகிறது சேர். மீட்டரையும் முகங்களையும் பார்த்தே தொழிலை ஓட்டிவிட்டேன், ஒருவருக்கும் தெரியாது. முள் கோட்டுக்குக் கீழே இறங்கினால் எனக்கு ஒன்றுமே கேட்காது. அவர்கள் மூன்று பேரும் எனக்குக் கேட்காத எதையோ கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

கொன்றேன் என்று எழுதுங்கள். இதை மட்டும் எழுதாதீர்கள்.