ஒத்திகைக்கு ஆறு பிணம்

— பொணத்துக்கு ஆளு இல்ல மெம்பரே. வேற எங்கனா போயி கேளுங்க.

— இன்னா ரெஜினா, காலங்காத்தால இப்டி பேசற? பத்து மணிக்கு ஏரிக்கரையில வெள்ள ஒத்திகை. கலெக்டரே வராரு. ஆறு பொணம், பத்து அடிபட்டவங்கன்னு வார்டு மெம்பரு காசிநாதன்னு கையெழுத்து போட்டு குட்த்துட்டேன். இப்ப வந்து ஆளு இல்லன்னா நான் எங்க போவேன்?

— ஊருக்குள்ள போங்க. உங்க தெருவுல மட்டும் நாப்பது வூடு கீதே.

— அவங்கல்லாம் மீட்புக் குழு. தூக்கறவங்களே பொணமா படுக்க முடியுமா?

— நல்லா கீது நாயம். மூணு வருசமா ஒத்திகை நடக்குது. மூணு வருசமும் சாவறது காலனி, காப்பாத்தறது ஊரு. ஒரு வருசமாவது மாத்தி செத்துப் பாருங்களேன்.

— அட சே, காலையில அபசகுனமா பேசாத. உன் வூட்டுக்காரன் ஜான்சன் எங்க?

— உள்ள படுத்துகினு கீறான். பொணமா இல்ல, மனுசனா. நீங்க ஏன் வெயில்ல நிக்கிறீங்க, உள்ள வாங்க. உங்க சம்சாரம் வேண்டா அக்கா வேற வண்டி மேலயே உக்காந்துகினு கீது.

— இருக்கட்டும். அவ ஆரத்தி தட்டு எடுத்துகினு ஏரிக்கரைக்கு போணும். மகளிர் குழு பொம்பளைங்க எல்லாம் ஒரே கலரு பொடவ கட்டினு நிக்கணும்னு ஆர்டரு.

— தண்ணியாவது குடிங்க.

— இப்பதான் குடிச்சுட்டு வந்தேன்.

— ஆமா, எங்க வாசப்படில நின்னா மட்டும் உங்களுக்கு தாகமே எடுக்காது.

— நான் சொல்றத கேளு ரெஜினா. வம்பு வளக்காத. அர மணி நேரம் கண்ண மூடிகினு படுக்கப் போறான், அவ்ளோதான? அவனுக்கு பழக்கந்தான.

— பழக்கமா? மொத வருசம் மூஞ்சில தக்காளி சாஸ ஊத்தி ரத்தம்னாங்க. எறும்பு மொய்ச்சுது. பொணம் அசையக் கூடாதுன்னு மைக்குல கத்தறாங்க. ரெண்டாவது வருசம் தார்ப்பாயில சுத்தி வெயில்ல போட்டுட்டு எல்லாரும் பந்தலுக்கு பிரியாணி துண்ண போய்ட்டீங்க. பொணத்த அவுக்கணும்னு ஒருத்தனுக்கும் நெனப்பு வரல. ஒன்ற மணி நேரம் மெம்பரே. அந்த தார்ப்பாயி எருமூட்டைய மூடி வெச்சது. நாலு நாளு தலைக்கு ஷாம்பு போட்டும் அந்த நாத்தம் போல.

— அது ஒரு மிஸ்டேக்கு. அதான் அப்பால சோறு குட்த்தோம் இல்ல?

— குட்த்தீங்க. தூக்கனவனுக்கு பிரியாணி, செத்தவனுக்கு தயிர் சோறு. அதுவும் ஊசிப் போயி, எடுத்தா நூலு நூலா வருது. நான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரில வார்டு வேல பாக்கறவ. நெஜப் பொணத்த தெனம் தள்ளினு போறேன். அதுக்கு கூட அங்க ஒரு மரியாத கீது.

— பழச கெளறாத. இந்த வருசம் கெவுர்மெண்டே எல்லாத்தையும் மாத்திடுச்சு. போன வருசமே மோட்டாரு வெச்ச ரப்பர் போட்டு வந்தாச்சு. இப்ப இருவது ஆரஞ்சு ஜாக்கெட்டு, புது கயிறு, விசிலு. மழ வர்றதுக்கு முன்னாடியே போனுக்கு மெசேஜு. எப்டி முன்னேறிட்டோம் பாரு.

— போட்டு எங்க கீது?

— பஞ்சாயத்து ஆபீசு ஷெட்டுல. மழ, வெயிலு படாம பத்திரமா கீது.

— சாவி?

— தமிழ்வாணன் கிட்ட இருக்கும். இன்னிக்கு என் இடுப்புல கீது. அவன் இன்னும் எழுந்துக்கல.

— உங்க புள்ள.

— ஆமா, என் புள்ளதான். அவந்தான குழுத் தலைவரு? மூணு நாளு டிரெய்னிங் போயி சர்ட்டிபிகேட்டு வாங்கினவன்.

— சர்ட்டிபிகேட்டு கீது, மோட்டாரு கயிறு இழுக்கத் தெரியுமா? போன ஒத்திகையில இழுத்து இழுத்து தோளு சுளுக்கிகினான். கடைசில பொணம் எழுந்து வந்து மோட்டார ஸ்டார்ட் பண்ணிக் குட்த்துட்டு, மறுபடி போயி படுத்துச்சு. ஊரே பாத்து சிரிச்சுது. நானும் சிரிச்சேன். வூட்டுக்கு வந்தப்புறந்தான் அழுக வந்துச்சு.

— ஜான்சன் மாமல்லபுரத்துல ரிசார்ட்டு போட்டு ஓட்டனவன். அத நான் இல்லன்னு சொல்லல.

— அப்ப அவன் பேரு ஏன் உங்க லிஸ்ட்டுல இல்ல? போன மாசம் அந்தப் பக்கம் குப்பத்துல ஒத்திகை பாத்துட்டு வந்தான். ஜாக்கெட்டு போட்டது குப்பத்து ஆளுங்க. பொணமா படுத்தது ஒரு கிளார்க்கு. எவனுக்கு தண்ணி தெரியுமோ அவன் கையில போட்டு. ஒத்திகை சொல்லிக் குடுக்க நம்ம ஊருக்கு வந்த அந்த மேடமும் அதத்தான சொன்னாங்க? தண்ணி மொதல்ல எங்க ஏறுதோ, அங்க கீறவன் கிட்ட சாவி இருக்கணும்னு. கெவுர்மெண்டு காயிதத்துலயும் அப்டித்தான் கீது. அந்த காயிதம் உங்க கைக்கு வந்ததும் குழுவுல பத்து பேரும் ஊரு ஆளா மாறிடுது.

— நான் இன்னா பண்றது? நான் சொல்லல, ஊரு சொல்லும். நாளைக்கு வெள்ளம்னா காலனி ஆளு வந்து எங்க வூட்டு பொம்பளைங்கள தூக்குவானான்னு கேப்பாங்க.

— ஓ. தண்ணில முழுகிகினு இருக்க சொல்லோ அது வேற பாப்பாங்களா?

— ஊர்வாயி ரெஜினா, மூட முடியுமா?

— ஊர்வாய வுடுங்க, உங்க புள்ள கைய பாத்தேனே. ஜான்சன தூக்கறதுக்கு முன்னாடி கையுறை மாட்டினான். கயித்தக் கட்டி இழுத்தான். மிச்சம் அஞ்சு பொணத்தையும் எங்க பசங்களையே வெச்சு தூக்க வெச்சான். பக்கத்து ஊர்ல இருந்து உங்க சாதி ஆளு ஒருத்தன் அடிபட்ட வேசத்துக்கு வந்தானே, அவன மட்டும் வெறுங்கையால அணைச்சு தூக்கினு போனான். வெறும் நடிப்புன்றீங்களே, நடிப்புல கூட எங்க மேல கை படக் கூடாதா? த்தூ.

— துப்பாத. மருவாதயா பேசு.

— தரையிலதான் துப்பினேன். இந்த வருசம் நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி போட்டு சாவி ஜான்சன் கையில இருக்கணும். அத குடுங்க, பொணம் ஆறு இன்னா, அறுவது தரேன்.

— அது நடக்காது.

— அப்ப உங்க ஒத்திகையும் நடக்காது. போன கார்த்திகை மறந்துடுச்சா உங்களுக்கு?

— மறக்குமா? ஆனா அத இப்ப எதுக்கு...

— எதுக்கா? காலையில ஆறு மணிக்கு ஏரி கலங்கல் தாண்டிச்சு. இந்த வாசல்ல மார் அளவு தண்ணி. நீச்சல் தெரிஞ்சவன் ஜான்சன் ஒருத்தன்தான், கெழக்கால தெருவுல கத்தறாங்கன்னு போய்ட்டான். நான் புள்ளைங்கள மாடியில ஏத்திட்டு கண்ட்ரோல் ரூமுக்கு போன் போடறேன். உங்க ஊர்லயே போட்டு கீதே மா, குழுத் தலைவருக்கு பேசுங்கன்றாங்க. குழுத் தலைவருக்கு எட்டு தபா அடிச்சேன். எடுக்கல. அந்தா தெரியுது பாருங்க கரண்டு கம்பம், அத புடிச்சுகினு நின்னா சந்திரம்மா. ஜான்சனோட அக்கா. மூணு மணி நேரம். தம்பி வருவான், தம்பி வருவான்னு சொல்லிகினே நின்னா. நான் மாடியில இருந்து பாத்துகினே இருந்தேன். அப்பால கை வுட்டுட்டா.

— பாவந்தான். நானும் சாவுக்கு வந்தேனே, மால போட்டேனே.

— போட்டீங்க. தெருமுனையில நின்னு குட்த்தனுப்புனீங்க.

— இப்ப இன்னாதான் சொல்ல வர?

— ஜான்சன் நீந்தினு அக்கா கிட்டதான் வந்துகினு இருந்தானாம். நடுவுல யாரையோ தூக்கி கரையேத்திட்டு திரும்பறதுக்குள்ள கம்பத்துல ஆளு இல்ல. யாருடான்னு பத்து மாசமா கேக்கறேன். மோட்டுவளைய பாக்கறான். சோறு துண்ண சொல்லோ கேட்டா கைய கழுவிகினு எழுந்து போறான்.

— அத வுடு ரெஜினா. செத்தவங்க திரும்பி வரப் போறாங்களா?

— வர மாட்டாங்க. ஆனா உங்க புள்ளைக்கு சனவரி மாசம் பாராட்டு பத்திரம் குட்த்தாங்களே. வெள்ளத்துல பெத்த தாய தோள்ல சுமந்து காப்பாத்துன வாலிபன்னு. உங்க வூட்டு வாசல்ல பேனரு கட்னீங்க. நான் கூட கை தட்டினேன்.

— அதுக்கு இன்னா இப்போ?

— நேத்து பஸ்ல உங்க புள்ளையோட மச்சான் சுப்பிரமணிய பாத்தேன். பேச்சுவாக்குல சொல்றான், அன்னிக்கு மாப்ள கூடுவாஞ்சேரில எங்க வூட்லதான் போத்திகினு தூங்கினாரு, மதியம்தான் நாஸ்தாவே துண்ணாருன்னு. போட்டு சாவி பேண்டு பாக்கெட்ல. நைட்டெல்லாம் எனக்கு அதே நெனப்பு. கூடுவாஞ்சேரில தூங்கினவன் இங்க வந்து எப்டி அம்மாவ தூக்கினான்? அப்ப வேண்டா அக்காவ தூக்கினு வந்தது யாரு மெம்பரே?

— மணி ஆவுது. நான் வேற ஆளப் பாத்துக்கறேன்.

— பதில் சொல்லிட்டு போங்க.

— ஜான்சன்தான் ரெஜினா. என்னத்தான் தூக்கினு வந்தான்.

— வேண்டா, நீ எதுக்கு எறங்கி வர? வண்டியில போயி உக்காரு.

— பத்து மாசம் உக்காந்தாச்சுய்யா. போதும்.

— அக்கா, நெஜமாவா?

— மோட்டார் கொட்டாயில கன்னுக்குட்டிய அவுக்கப் போனேன். தண்ணி சூழ்ந்துகிச்சு. செவுத்த புடிச்சுகினு கத்தறேன். ஊர்க்காரனுங்க கரையில நின்னு போட்டு வரும், போட்டு வரும்னு கை காட்றானுங்க. ஜான்சன் அந்த வழியா நீந்தினு போறான். அக்கா கம்பத்துல கீது, அத ஏத்திட்டு வந்துடறேன்னான். நான் வுடல. அவன் கழுத்த கட்டிகினேன். நகம் பதிஞ்சு ரத்தம் வந்துச்சு, அப்டி புடிச்சேன். ஒதறிட்டு போயிருக்கலாம் அவன். போல. போட்டு இருந்திருந்தா ரெண்டு பேரையும் ஏத்தியிருப்பான்.

— சந்திரம்மா கம்பத்துல இருந்தப்ப, அவன் தோள்ல நீங்களா?

— நான்தான்.

— அக்கா, கொஞ்சம் இருங்க. மெம்பரே, இது உங்களுக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் பேனரு கட்னீங்க.

— நான் சொல்றத கேளு. பொம்பள மானம் போயிடும்னு பயந்தேன். நாலு பேரு நாலு விதமா பேசுவான். ஜான்சன் கிட்ட கையப் புடிச்சு கேட்டுகினேன், வெளிய சொல்லாதடான்னு. அவனும் சரின்னான்.

— கையப் புடிச்சியா? எப்பயா புடிச்ச? தள்ளி நின்னுதான கேட்ட? ரெஜினா, கேட்டுக்க. அவன் என்ன வாசல் வரைக்கும் கொணாந்து எறக்கி வுட்டுட்டு, திரும்பி ஓடறான் அக்காவ பாக்க. இந்த மனுசன் என்ன உள்ள வுடல. நடுங்கிகினு நிக்கறேன், பல்லு கிட்டிப் போச்சு. வாசல்லயே நிக்க வெச்சு மஞ்சத் தண்ணி ஆறு கொடம் ஊத்தினான். அப்பாலதான் உள்ள போன்னான். சுத்தி வெள்ளம், அதுக்குள்ள எனக்கு குளியலு.

— சீ. கேக்கவே அருவருப்பா கீது. ஏன் மெம்பரே, சாவுல இருந்து வந்த பொண்டாட்டிய தொடாம தண்ணி ஊத்தினீங்களா?

— போதும் நிறுத்துங்க ரெண்டு பேரும். தெருவே பாக்குது. சரி ரெஜினா, ஒரு வழி சொல்றேன். ஜான்சன் பேர பதினோராவதா எழுதிக்கறேன். ஒரு ஜாக்கெட்டும் குட்த்துடறேன். சாவி கதைய அப்பால பேசிக்கலாம். இப்ப ஆறு பேர மட்டும் அனுப்பி வுடு. கலெக்டரு வண்டி இந்நேரம் செங்கல்பட்டு தாண்டியிருக்கும்.

— இவ்ளோ கேட்டப்புறமும் உங்களுக்கு பொணந்தான் வோணுமா?

— குடுத்துட்டேனே ரெஜினா கையெழுத்து. என் பேருதான் நாறும்.

— அஞ்சு பொணத்துக்கு உன் குழுவுல பேனர்ல பல்ல காட்னவனுங்கள அனுப்பு, உன் புள்ளையோட சேத்து. ஆறாவது பொணம் நான்.

— வேண்டா, பைத்தியம் புடிச்சுதா உனக்கு? ஆரத்தி தட்டு?

— அத நீயே எடு. ரெஜினா, ஜான்சன எழுப்பு. சாவிய அவன் கையில குடுய்யா. கைய நீட்டி, தொட்டு குடு. அந்த ஜாக்கெட்ட போட்டுகினு அவனே போட்டு ஓட்டினு வரட்டும். கலெக்டரு, ஊரு, என் வயித்துல பொறந்தவன் எல்லாரும் பாக்க என்ன தோள்ல தூக்கினு கரையேறட்டும்.

— ஊரு முன்னாடியா? அப்பால நீ எப்டி நம்ம வூட்டுக்குள்ள வருவ?

— நேரா நடந்து வருவேன். இந்த தபா குளிக்க மாட்டேன்.